வெலன் சேற்றுக்குத் திரும்பலாமா? விட்சர் 3 மறுபடியும், நாலாம் பாகத்தில் எனக்கு வேண்டியதும்

5 ஜூன் 2025, ஒரு வாசகரின் கேள்வி

கெரால்ட் என்ற கூலிப் பேய்வேட்டைக்காரனின் கதை சொல்லும் வீடியோ கேம் விட்சர். அதன் நாலாம் பாகத்தின் டெமோ பார்த்ததிலிருந்து கை பரபரக்கிறது. வெலன் என்ற சதுப்பு நாடு வருகிற மூன்றாம் பாகத்தை மறுபடி தொடங்கலாம் என்று பார்த்தால் ஒரு பயம். படித்த பள்ளிக்கூடத்துக்கு இருபது வருஷம் கழித்துப் போனால் வராந்தா சுருங்கித் தெரியும். பழைய கேமும் அப்படித்தான். திரும்பிப் போய் இருக்கிற நல்ல நினைப்பையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உண்டா?

6 ஜூன் 2025

உண்டு. மழை இறங்குமுன் ரப்பர் ஷீட்டை உள்ளே எடுக்கணும், அதனால் சுருக்கமாக. போன வாரம் நானும் முதலிலிருந்து தொடங்கினேன். வராந்தா சுருங்கவில்லை. அன்றைக்குப் பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போன அறைகள் எல்லாம் திறந்துதான் கிடந்திருக்கின்றன.

8 ஜூன் 2025

இன்றைக்கு ஞாயிறு, விரிவாகச் சொல்கிறேன்.

கேம் வந்த 2016-இலேயே விளையாடியவன் நான். குழித்துறை ஆற்றுக்கு மேற்கே எங்கள் வீடு. பாறசாலை பைக்கில் கால் மணி நேரம். மச்சான் அப்போது கழக்கூட்டத்தில் ஐடி வேலையில் இருந்தான். சம்பளத்தில் வாங்கி, அங்கேயே இறக்கி, ஹார்ட் டிஸ்கில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தான். 35 ஜிபி. எங்கள் வீட்டு இணைப்பில் இறக்கியிருந்தால் ஓணம் போய் தீபாவளி வந்திருக்கும். கேம் குறைந்தபட்சமாகக் கேட்ட கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 660. எங்களிடம் இருந்தது 750 டிஐ. எல்லாவற்றையும் லோவில் வைத்தோம். ஒரே கண்ட்ரோலர். அவன் சண்டை போடுவான், நான் குதிரை ஓட்டுவேன்.

தொடக்க ஊரான ஒயிட் ஆர்ச்சர்டில் ஒரு கிணற்று வேலை வரும், ஞாபகம் இருக்கிறதா? ஓடலான் என்பவனின் மகளுக்குச் சுகமில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். கிணற்றடியிலோ ஒரு பெண்பேய். ராத்திரியில் இல்லை, நட்ட நடுப் பகலில், வெயில் உச்சிக்கு வரும்போது வருகிறது. அன்றைக்கு எங்களுக்கு அது ஒரு சண்டை மட்டும்தான். இர்டன் என்ற மந்திர வட்டம் போடு, பேய்க்கு உடம்பு வரும், வெள்ளி வாளால் நாலு வெட்டு. முடிந்தது. மச்சான் பத்து நிமிஷத்தில் முடித்தான்.

இந்தத் தடவை நான் தனியாக, அவசரமில்லாமல் போனேன். பாழடைந்த வீடுகளுக்குள் நுழைந்து நாட்குறிப்பைப் படித்தேன். கிணற்றுக்குள் தொங்கவிடப்பட்டுச் செத்தவள் அவள். பேர் க்ளேர். அவள் வளையல் கிணற்றின் அடியில் கிடக்கிறது. அதை எடுத்து வந்து எலும்போடு சேர்த்து எரித்தால்தான் அவள் இறங்குவாள். வாளுக்கு முன்னால் இவ்வளவு இருக்கிறது.

படித்துக்கொண்டிருக்கும்போதே ஆச்சியின் குரல் காதில் விழுந்தது. "உச்சி உருமத்துல கெணத்தடிக்குப் போவாத மக்ளே." சின்ன வயசில் வருஷம் முழுக்கக் கேட்டது. ஏன் என்று கேட்டால் வாயை மூடு என்பாள். கேமைச் செய்த போலந்துக்காரர்கள் பக்கத்திலும் நண்பகலில் வயல்காட்டில் நடமாடும் பெண்பேய் பற்றிய நம்பிக்கை உண்டு, பொவுத்னிட்சா என்பார்கள். அங்கிருந்து எடுத்ததுதான் கேமில் வரும் உச்சிப்பேய். வார்சாவுக்கும் குழித்துறைக்கும் எவ்வளவு தூரம்! ரெண்டு இடத்துப் பாட்டிகளும் ஒரே நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

9 ஜூன் 2025

திருத்தம். கேம் வந்தது 2015 மே 19. நான் விளையாடியதுதான் 2016. சுட்டிக் காட்டியவருக்கு நன்றி. டூசான் நாட்டுக்குப் போகிற ரெண்டாவது விரிவுப் பகுதி 2016 மே மாதம் வந்தது. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டேன்.

14 ஜூன் 2025

பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா என்று ரெண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

2022 டிசம்பரில் ஒரு பெரிய இலவச அப்டேட் வந்தது. ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங், தோளுக்குப் பின்னால் நெருங்கி நிற்கும் கேமரா, மெனுவைத் திறக்காமலே மந்திரம் போடும் வசதி எல்லாம் அதில்தான். நான் இப்போது வைத்திருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, மச்சான் மாற்றியபோது எனக்குத் தந்தது. ரே டிரேசிங்கைப் போட்டால் நோவிகிராட் நகரத்துக்குள் திணறுகிறது. அணைத்துவிட்டேன். கேமராவை மட்டும் நெருக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடக்கிற வேகத்தையே மாற்றிவிடும். நான் இப்போது குதிரையை விட்டு இறங்கி நடப்பதுதான் அதிகம்.

வெலன் காற்றைப் பற்றியும் சொல்லணும். அங்கே மரம் சும்மா நிற்பதே இல்லை. வளைந்து, முறுகி, நிமிர்ந்து, மறுபடி வளையும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே பைக்கில் போனவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். இங்கே இந்த வாரம் முழுக்க மழை. வெளியே கமுகு ஆடுகிறது, உள்ளே திரையில் பிர்ச் மரம் ஆடுகிறது. வியாழக்கிழமை பேரனின் (Baron, பிரபு என்கிற பட்டம்; பேரப்பிள்ளை இல்லை) கோட்டையில் நிற்கும்போது கரண்ட் போனது. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே இருந்த சத்தமும் கேமின் சத்தமும் ஒன்றாகத்தான் இருந்தது.

21 ஜூன் 2025

பேரன் கதை. விளையாடாதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள், எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

ஃபிலிப் ஸ்ட்ரெங்கர் வெலனில் ஒரு கோட்டையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிற குடிகாரச் சிப்பாய். பெண்டாட்டி அன்னாவும் மகள் தமாராவும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். தேடித் தா என்று கெரால்ட்டிடம் கேட்கிறான். தோண்டத் தோண்டத்தான் தெரிகிறது, அவன் அவளை அடித்திருக்கிறான். கருவிலேயே ஒரு பிள்ளை போயிருக்கிறது. அதை முறையாக அடக்கம் செய்யாமல், பேர் வைக்காமல் ஒரு குழியில் போட்டிருக்கிறான். அது பேயாகி ராத்திரியில் எழும்புகிறது.

இங்கே கேம் ரெண்டு வழி தரும். ஒன்று, வாளை எடுத்து அதைக் கொல்வது. இன்னொன்று, அப்பனே அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி வீட்டு வாசல்வரை தூக்கி வருவது. வழியில் அது முறுக்கிக்கொள்ளும், ஆவிகள் வந்து விழும், கெரால்ட் ஆக்ஸி மந்திரத்தால் அதைத் தணிக்கணும். வாசலுக்கு வந்ததும் நிலைப்படிக்கு அடியில் புதைத்து, மன்னிப்புக் கேட்டு, மகளே என்று கூப்பிட்டு, பேர் வைக்கணும். டியா என்று வைக்கிறான். அப்புறம் அந்தப் பேய், பேயாக இல்லை. வீட்டைக் காக்கிற ஒன்றாக மாறி, அம்மாவும் அக்காவும் போன வழியைக் காட்டுகிறது.

2016-இல் மச்சான் கொன்றான். அதுதான் சுருக்கு வழி. எனக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கன்னி உண்டு. பாட்டாவின் தங்கச்சி. பதினேழு வயசில் கிணற்றில் விழுந்து செத்தவள். தெற்கே பல வீடுகளில் இந்த வழக்கம் இருப்பதால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூலை அறையில் ஒரு பெட்டி, வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், பிச்சிப்பூ. வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் முதல் துணி அவளுக்குத்தான். அவளை யாரும் விரட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். செத்துப்போன பிள்ளையை வாசலில் புதைத்துக் காவலாக்குகிற காட்சியைப் பத்து வருஷத்துக்கு முன்னால் போலந்தில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி இருக்கிற வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் அதைக் கவனிக்காமல் போயிருக்கிறேன்.

இந்தத் தடவை தூக்கிக்கொண்டு நடந்தேன்.

22 ஜூன் 2025

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

2022-இல் எங்களுக்கு ஆறாம் மாசத்தில் ஒரு பிள்ளை போனது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் பொதிந்து தந்தார்கள். அப்பா வாங்கிக்கொண்டு வந்து தோட்டத்துத் தெங்கின் மூட்டில் வைத்தார். நான் அருகில் போகவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேர் வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, நாங்களும் பேசிக்கொள்ளவில்லை.

அதனால்தான் நேற்று அந்த நடை எனக்கு அவ்வளவு நீளமாக இருந்தது.

28 ஜூன் 2025

"பேரன் திருந்துகிற கதைதான் கேமின் உச்சம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போன வாரம் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். இந்த ஒரு வாரத்தில் மனசு மாறிவிட்டது.

அவனுக்கு எவ்வளவு பேச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குடித்துவிட்டு ஒரு பேச்சு, அழுதுகொண்டு ஒரு பேச்சு, தான் ஏன் அப்படி ஆனேன் என்று ஒரு பெரிய பேச்சு. அன்னாவுக்கு? அவளைச் சதுப்புக்காட்டில் அனாதைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது தன் பேர்கூட நிலைக்காத நிலையில் இருக்கிறாள். பதட்டத்தில் நாலு வார்த்தை. அவ்வளவுதான். அந்தக் கரு வேண்டாம் என்று சூனியக் கிழவிகளிடம் போனதே அவள்தான், பதிலுக்கு ஊழியம் செய்ய ஒப்புக்கொண்டாள் என்பதும் கேமுக்குள் இருக்கிறது. முதல் தடவை இதை நான் காதில் வாங்கவே இல்லை. அடிக்கிறவன் வீட்டில் இன்னொரு பிள்ளையைப் பெற அவளுக்கு மனசில்லை. இதை அவள் வாயாலேயே ஒருமுறை உட்கார்ந்து சொல்ல விட்டிருக்கலாம்.

முடிவிலும் அவளுக்கு நல்லது இல்லை. பேசும் மரத்துக்கு அடியில் அடைந்து கிடக்கும் ஆவியைக் கொன்றால் அனாதைப் பிள்ளைகள் போய்விடும். அன்னா புத்தி பேதலித்து உயிரோடு இருப்பாள், பேரன் வைத்தியத்துக்கு அழைத்துப் போவான். ஆவியை விடுவித்தால் பிள்ளைகள் பிழைக்கும், ஒரு ஊர் அழியும், அன்னா சாவாள், பேரன் தூக்குப் போட்டுக்கொள்வான். எதைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் உறுத்தும். இந்த உறுத்தலுக்காகத்தான் இந்தக் கேமை இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும், நாலாம் பாகத்தில் கதாநாயகி கெரால்ட் மகளைப் போல வளர்த்த சிரி என்பதால் சொல்கிறேன்: இனி இப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழைகிறவள் ஒரு பெண். திண்ணையில் ஆணோடு உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால் அடுக்களைக்குப் போகிற ஒருத்தி. அதை எழுதினால் போதும்.

6 ஜூலை 2025

லேசான விஷயம் ஒன்று. அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள், எட்டு வயசு. சண்டைக் காட்சி எதுவும் காட்டவில்லை, கேமுக்குள் வரும் க்வெண்ட் சீட்டாட்டம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு நாளில் என்னை ஜெயித்துவிட்டாள். மூணு சுற்றில் முதல் சுற்றை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, எதிராளியின் சீட்டைக் காலி பண்ணுகிற சூது எனக்குப் புரியவே ஒரு மாசம் ஆனது.

திரையில் சிரியின் படம் வந்தது. "மாமா, இவ பேரு என்ன?"

"சிரி."

"பின்ன ஏன் சிரிக்கவே இல்ல?"

என்ன பதில் சொல்ல? கேம் முடிவில் பனிப்பந்து எறிந்து விளையாடுகிற இடம் வரும்போது கூப்பிடுகிறேன், அப்போது சிரிப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பனிப்பந்து விளையாட்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் முடிவு கெட்ட பக்கம் சாயலாம் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். இந்தத் தடவை அதைத் தவறவிட மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

13 ஜூலை 2025

ஃபைக் தீவுக் கோபுரம். எலிகள் நிறைந்த அந்தக் கோபுரத்தில் அனபெல் என்ற பெண்ணின் ஆவி. கோபுரத்துக்குள் ஜனம் புகுந்தபோது, செத்தவளைப் போலக் கிடக்க மருந்து குடித்தாள். மருந்து இறங்கி விழித்தபோது உடம்பு அசையவில்லை, எலிகள் தின்றுகொண்டிருந்தன. தன் எலும்பைக் காதலன் கிரகாமிடம் கொண்டுபோய்க் கொடு என்று அவள் கெஞ்சுவாள்.

2016-இல் பரிதாபப்பட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். திரும்பி வந்து பார்த்தால் கிரகாம் செத்துக் கிடந்தான், அவள் ஊருக்குள் இறங்கிவிட்டாள். இந்தத் தடவை அவனையே கோபுரத்துக்கு அழைத்துப் போனேன். பயந்துகொண்டே முத்தம் கொடுத்தான், சாபம் தீர்ந்தது, அவன் செத்தான். ரெண்டிலும் அவன் பிழைப்பதில்லை. ஆனால் ரெண்டாவதில் அவளுக்கு ஒருத்தன் வந்தான்.

இதைப் பாறசாலைக்காரரான கூட்டுக்காரர் ஒருவரிடம் சாயா குடிக்கும்போது சொன்னேன். அவர் சொன்னார், "இது யக்ஷி கதைதானே." ராத்திரி வழியில் நின்று சுண்ணாம்பு கேட்பாள், பனைமரம் மாளிகையாகத் தெரியும், விடிந்தால் நகமும் முடியும்தான் மிச்சம். மந்திரம் தெரிந்த பாதிரியான கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் இரும்பாணி அடித்து அடக்கினார். எனக்கு உடனே ஒன்று தோன்றியது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஆணி அடிக்கிறார்கள், இந்தப் பக்கம் கோயில் கட்டுகிறோம். கத்தனாரின் ஆணிதான் கெரால்ட்டின் வெள்ளி வாள். நிலைப்படியில் புதைத்துப் பேர் வைப்பது நம் பக்கத்து முறை.

15 ஜூலை 2025

மேலே கடைசியில் எழுதியது தப்பு. கூட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன், அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கத்தனார் அடக்கிய யக்ஷியைக் கடைசியில் பனையன்னார்காவில் குடியிருத்தினார்கள் என்பதும் அதே கதைதான். அதைவிட, அவர்கள் சொல்கிற கள்ளியங்காட்டு நீலி யார்? நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காடுதானே? வில்லில் பாடுகிற நம் நீலியேதான். காதலித்தவனே கொன்று போட்டதால் பழி தீர்க்க எழும்பியவள். கையில் பிள்ளையோடு நிற்கிற இசக்கியாக முப்பந்தலில் கும்பிடுகிறோம். 1956 நவம்பர் முதல் தேதிதான் எங்கள் குமரி மாவட்டத்துத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பேய் அதற்கெல்லாம் முந்தினவள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று நான் கோடு போட்டது சரியில்லை. ரெண்டு பக்கத்திலும் கடைசியில் ஒரு இடம் கொடுத்துவிட்டார்கள்.

20 ஜூலை 2025

இனி நாலாம் பாகம்.

தெரிந்தவை: 2022 மார்ச்சில் புது விட்சர் கேம் உண்டு, அன்ரியல் என்ஜின் 5 என்ற மென்பொருளில் செய்கிறோம் என்று சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தார் சொன்னார்கள். 2024 டிசம்பரில் முன்னோட்டம். கதாநாயகி சிரி. 2026 முடிவதற்குள் வராது என்று நிறுவனமே சொல்லிவிட்டது. போன மாசம் காட்டியது கோவிர் என்ற வடக்கு மலைநாடு, வால்ட்ரெஸ்ட் என்ற சந்தை ஊர், சிரியின் குதிரை கெல்பி. சாதாரண பிஎஸ் 5-இல் ரே டிரேசிங்கோடு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடியது. ஆனால் அது தொழில்நுட்ப டெமோ, கேமின் நேரடிப் பகுதி இல்லை என்றும் அவர்களே சொன்னார்கள். டெமோவைப் பார்த்துத் துள்ளுகிறவர்கள் அந்த வரியையும் படித்துவிடுங்கள். இதே நிறுவனத்தின் முந்தின பெரிய கேமான சைபர்பங்க் 2077, 2020 டிசம்பரில் வந்தபோது பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுக்கப்பட்டு அடுத்த ஜூனில்தான் திரும்பி வந்தது. 2023-இல் அதைச் சீர்படுத்தி நல்ல பேர் வாங்கினார்கள் என்பதும் உண்மை. அவசரம் வேண்டாம், நான் காத்திருப்பேன்.

எனக்கு உறுத்துவது முன்னோட்டத்தின் கதை. மலை கிராமம் ஒன்றில் ஒரு பெண்பிள்ளையை அரக்கனுக்குப் பலி கொடுக்கப் போகிறார்கள். சிரி தடுக்கப் போகிறாள், குகையில் சண்டை போடுகிறாள், கடைசியில் அந்தப் பிள்ளையை அரக்கன் கொன்றுவிடுகிறது. இங்கே தெய்வம் எதுவும் இல்லை, அரக்கர்கள்தான் என்கிற மாதிரி சிரி சொல்கிறாள்.

அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. அரக்கனுக்கும் தெய்வத்துக்கும் நடுவே அப்படி ஒரு சுவர் எங்கள் ஊரில் இல்லை. அநியாயமாகச் செத்தவள் பேயாக வருகிறாள். ஊர் தப்பை ஒத்துக்கொண்டு இடம் கொடுத்தால் தெய்வமாக உட்காருகிறாள். மூன்றாம் பாகத்திலேயே இது டியா கதையாக இருக்கிறது. அதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

21 ஜூலை 2025

மறுபடியும் தப்பு. முன்னோட்டத்தை நேற்று ராத்திரி ரெண்டு தடவை பார்த்தேன். அந்தப் பிள்ளையை அரக்கன் கொல்லவில்லை. சிரி அரக்கனை முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது, ஊர்க்காரர்களே அவளைக் கொன்று போட்டிருக்கிறார்கள். தெய்வத்துக்குக் கோபம் வந்துவிடும் என்ற பயம்.

இந்த ஒரு திருத்தத்தில் என் புகாரே தலைகீழாகிவிட்டது. சிரி சொன்ன அரக்கர்கள் யார் என்று இப்போதுதான் புரிகிறது. அவளுக்கு அந்த நேரத்தில் வேறெதுவும் சொல்ல வந்திருக்காது.

ஆனால் ஒரு கேள்வி விடாமல் சுற்றுகிறது. அந்தப் பிள்ளை அநியாயமாகச் செத்தாள். கேமின் கணக்கிலேயே பார்த்தாலும் அவள் எழும்பி வரணும். உச்சிப்பேயாகவோ வேறெதாகவோ. எங்கள் ஊராக இருந்தால் மூன்றாம் தலைமுறையில் அவளுக்கு ஒரு பீடம் இருக்கும், கொன்றவனின் பேரன் பொங்கல் வைப்பான். நாலாம் பாகத்தில் சிரி என்றைக்காவது அந்த ஊருக்குத் திரும்பிப் போகணும். அதுதான் நான் கேட்கிற ஒரே ஒரு வேலை. அவளைக் கொல்வதற்கு இல்லை, அவள் குடியிருக்க ஒரு நிலையம் போட்டுக் கொடுப்பதற்கு. ஊரைக் கூட்டி, செய்ததை ஒத்துக்கொள்ளவைத்து, கல் நட்டு, பேர் சொல்லிக் கூப்பிட வைக்கிற ஒரு நீளமான வேலை. வாளை ஒருமுறைகூட உருவாமல் முடிக்க முடிகிற மாதிரி.

சலிக்கும் என்கிறீர்களா? பேரனோடு அந்த இருட்டில் நடந்தது யாருக்காவது சலித்ததா?

3 ஆகஸ்ட் 2025

வரைபடம் எவ்வளவு பெரிதாக இருக்கணும் என்று இங்கே ஒரு வாரமாக வாக்குவாதம் நடக்கிறது. எனக்குப் பெரிதாக வேண்டாம்.

மூன்றாம் பாகத்தின் வரைபடத்தில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடலில் எத்தனை கேள்விக்குறிகள்! பாதிக்கு மேல் கடத்தல்காரர்கள் போட்டுவிட்டுப் போன பீப்பாய்கள். படகை நிறுத்து, பறக்கும் பெண்பேய்களைக் குறுக்குவில்லால் அடி, முங்கு, எடு, விற்றுக் காசாக்கு. 2016-இல் மச்சானும் நானும் ஒன்று விடாமல் எடுத்தோம். பெரிய பரீட்சை முடிந்த லீவு அது, நேரத்துக்குக் கணக்கே இல்லை. அந்தப் பீப்பாய்களில் ஒன்றிலாவது என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை. கிணற்றடி வளையல் ஞாபகம் இருக்கிறது.

இப்போது எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும், வாரத்தில் மூணு நாள். வேலையும் வீடும் வந்துவிட்ட பழைய ஆட்கள் பலருக்கும் அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஊர், ஒரு கிணறு, அதில் ஒரு பழைய அநியாயம், அதை நினைவில் வைத்திருக்கிற ஒரு கிழவி. ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிற அளவில் இப்படி முப்பது கொடுத்தால் கோவிர் முழுக்க நான் நடந்தே தீர்ப்பேன்.

இன்னொன்று, சின்னது. சிரி குதிரையில் போகும்போது வழியில் நிற்கிறவர்கள் அவளைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்பதில் கவனம் வையுங்கள். கெரால்ட்டைப் பார்த்துத் துப்புவார்கள். தனியாகப் போகிற பெண்ணை ஊர் வேறு மாதிரி பார்க்கும்.

13 ஆகஸ்ட் 2025

நேற்று ஆடிக் கடைசிச் செவ்வாய். குடும்ப இசக்கி கோயிலில் கொடை. நடுச்சாமம் தாண்டி வில்லு. குடத்தின் தாளம் நெஞ்சுக்குள் இறங்கும். நீலி செத்து விழுகிற இடத்தில் பாட்டு மெதுவாகும், முன்வரிசையில் இருக்கிற கிழவிகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார்கள். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அழப்போவது தெரிந்தே முன்வரிசையில் வந்து உட்காருகிறார்கள்.

மனைவி போன மாசம் வரை இந்தக் கேமை எட்டிப் பார்த்ததில்லை. நான் எழுதிய ஜூன் 22-ஆம் தேதிக் குறிப்பை அவள் படித்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. போன வெள்ளிக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்தைக் காட்டு என்றாள். பழைய சேவ் இருந்தது. கண்ட்ரோலரை அவளே வாங்கிக்கொண்டாள். பட்டன் எதுவும் தெரியாது. ஆக்ஸி போட நான் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு தடவை ஆவிகள் அடித்துத் தோற்றாள். விடவில்லை. மூணாவது தடவை வாசலுக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். பேர் வைக்கிற இடத்தில் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள், ஒன்றும் பேசவில்லை.

நேற்று கொடை முடிந்து விடியற்காலம் நடந்து வரும்போது, தோட்டத்துத் தெங்கு தெரிகிற வளைவில் நின்றாள். ஒரு பேர் சொன்னாள். மூணு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த பேர். அதை இங்கே எழுதப் போவதில்லை.

பேசும் மரத்து ஆவியை என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். விடுவித்துவிடு, பிள்ளைகள் பிழைக்கட்டும் என்றாள். விடுவித்தாயிற்று. பேரன் கோட்டையில் மரத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நாளைக்கு ஸ்கெல்லிகே கப்பல். பீப்பாய்களைத் தொடப் போவதில்லை. பனிப்பந்து இடம் வர இன்னும் மூணு வாரமாவது ஆகும், ஓணம் லீவுக்கு அக்கா மகள் வருகிறாள்.